துண்டுக்கு அடியில் நீ பேசியது

இன்றைக்கு ஐந்து வயதாகி, மீசை முளைத்த பிறகு இதைப் பிரிக்கப்போகும் என் மகனுக்கு,

உனக்குக் கல்யாணமாகி, வீட்டில் ஒரு குழந்தை தவழ ஆரம்பித்ததும் கொடுக்க வேண்டும் என்று சொல்லி இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் ஒப்படைக்கப்போகிறேன். “அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் கெடக்கே, அப்ப எழுதினாப் போதாதா?” என்று கேட்டார். போதாது. கதை இப்போதே மாறத் தொடங்கிவிட்டது. மாதா கோயிலில் தான் ஏற்றிய மெழுகுவர்த்தியால்தான் நீ பேசினாய் என்கிறாள் கிருஷ்ணகிரி அத்தை. எங்கள் வம்சத்தில் எல்லோருமே தாமதமாகத்தான் வாய் திறப்போம் என்கிறார் உன் அப்பா. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, “நான் விடாம பேசிப் பேசித்தான் பிள்ளைக்குப் பேச்சு வந்தது” என்று நானே ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் எனக்கு முகம் சுட்டது. உண்மை அதற்கு நேர் எதிர். இன்னும் இருபது வருடம் போனால் நான் சொல்வதை நானே நம்பிவிடுவேன். அந்த வெட்கம் ஆறிப்போவதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும்.

தர்மபுரி தனி ஜில்லாவான புதிதில் உன் அப்பாவுக்கு ஓசூர் தாலுகா ஆபீசுக்கு மாற்றல் வந்தது. உனக்கு அப்போது ஒரு வயது. நான் திருச்சியில் பி.ஏ. படித்தவள், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். இங்கே வந்து இறங்கிய அன்று எனக்குத் தலை சுற்றியது. கடைக்காரர் தெலுங்கில் கேட்டு, கன்னடத்தில் விலை சொல்லி, தமிழில் சில்லறை இல்லை என்கிறார். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பாஷையும் ஏறி இறங்குகின்றன. இந்தச் சந்தடியில் என் பிள்ளைக்கு எந்தப் பாஷையும் உருப்படியாக வராமல் போய்விடுமே என்று பயந்தேன். கல்லூரி நூலகத்தில் எப்போதோ படித்திருந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தை நினைவில் வைத்து வீட்டில் சட்டம் போட்டேன். மழலையில் கொஞ்சக் கூடாது. முழு வாக்கியத்தில்தான் பேச வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். அப்பா உன்னைத் தூக்கி “அச்சு புச்சு” என்று ஏதாவது சொல்லிவிட்டால், “அவன்கிட்ட ஒழுங்காப் பேசுங்க” என்று அவரையும் அதட்டுவேன். பாவம், ஆபீசிலிருந்து அலுத்து வரும் மனிதர், போகப்போக உன்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

உனக்கு ஒரு சொல் இருந்தது. இதை யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் என்னைத் தவிர யாருக்கும் அது நினைவில்லை. தண்ணீரைப் பார்த்தால் “தூத்தூ” என்பாய். குடத்தைக் காட்டிச் சொல்வாய், மழையைக் காட்டிச் சொல்வாய், அப்பா ஷேவ் செய்யும் கிண்ணத்தைப் பார்த்தும் சொல்வாய். ஒவ்வொரு தடவையும் நான், “தூத்தூ இல்லை, தண்ணீர். சொல், தண்ணீர்” என்பேன். நீ என் வாயையே பார்ப்பாய். பிறகு ஒரு நாள், அந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்குவதில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “தண்ணீர் வேண்டும் என்று சொன்னால்தான் தருவேன்” என்றேன். நீ கையை நீட்டினாய். நான் டம்ளரை உயர்த்தினேன். “தூத்தூ” என்றாய். இல்லை என்று தலையசைத்தேன். நீ அழவில்லை. அழுதிருந்தால் கொடுத்திருப்பேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அங்கிருந்து எழுந்து போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாய். அதன் பிறகு “தூத்தூ”வும் இல்லை, தண்ணீரும் இல்லை. தாகம் எடுத்தால் நீயே குடத்தடிக்குப் போய் நிற்பாய். அவ்வளவுதான்.

இரண்டு வயது போய், மூன்றும் போயிற்று. நீ பேசாமல் இருக்க இருக்க, நான் அதிகமாகப் பேசினேன். காலையில் கண் விழித்ததிலிருந்து, “இது என்ன? கரண்டி. இது என்ன நிறம்? இது யார்? சொல் பார்க்கலாம்.” கேள்வியும் நானே, பதிலும் நானே. கேட்ட மறுநொடி எனக்குப் பதில் வர வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் அடுத்த கேள்வியை எடுத்துப் போடுவேன். கடைசியில் பெங்களூருக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பொறுமைசாலிதான். உனக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார், மணி அடித்தார், தட்டைக் கீழே போட்டார். நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. காது கேட்பதாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். வேறு ஜில்லாவில், காது கேளாத பிள்ளைகளுக்காகக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு விடுதிப் பள்ளிக்கு அப்பா எழுதிப் போட்டார். ஜூன் முதல் வாரம் அழைத்து வரலாம் என்று பதில் வந்தது. அது நல்ல பள்ளி, இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பிள்ளைகள் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை உன் அப்பா நேரில் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் நாலு வயதுகூட நிறையாத பிள்ளையை, வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கும்படி அனுப்பிவிட்டு நான் எப்படி இருப்பேன்? அப்பா தகரப் பெட்டி வாங்கி அதில் உன் பெயரை எழுத வைத்தார். நான் உன் சட்டைகளில் அடையாள நூல் தைத்தேன்.

எங்கள் வீட்டின் பின்கட்டில்தான் வீட்டுச் சொந்தக்காரரின் மகன் முனிராஜு இருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், மாட்டுத் தரகு அவன் தொழில். சந்தைக்கு முதல் நாள் கொல்லை முழுக்க மாடு கட்டியிருக்கும். தெலுங்கில் மாட்டைத் திட்டுவான், கன்னடத்தில் கொஞ்சுவான், தமிழில் என்னைக் கேலி செய்வான். என்னைக் கூப்பிடுவதே “பி.ஏ. அக்கா” என்றுதான். அவன் வாயில் வரும் வார்த்தைகளுக்குப் பயந்தே கொல்லைக் கதவை எப்போதும் தாழ் போட்டு வைத்திருந்தேன். பெட்டி வந்த பிறகு எனக்கு மனசு விட்டுப் போயிற்று. தாழ் போடுவதையும் விட்டுவிட்டேன். பிள்ளை போகப்போகிறான், இனி எந்தப் பாஷை கெட்டால் என்ன?

ஒரு நாள் மாவாட்டிக்கொண்டிருந்தவள் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அப்பாவின் பழைய செருப்பு ஒன்றில் கயிறு கட்டி நீ இழுத்து வந்துகொண்டிருந்தாய். அது உன் மாடு. முனிராஜு குந்தி உட்கார்ந்து, அந்தச் செருப்பின் வாயைப் பிளந்து பார்த்தான்.

“என்னா சாவுகாரே, பல்லே காணமே? கெழட்டு மாட்ட கொண்டாந்து என் தலையில கட்டப் பாக்கறீங்களா?”

உனக்கு ரோஷம் வந்துவிட்டது. செருப்பை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

“சரி சரி, கோவிச்சிக்காதீங்க. வெலையப் பேசுவம்.” தோளில் கிடந்த துண்டை எடுத்து உன் கையின் மேலும் தன் கையின் மேலும் போட்டான்.

நீ பெரியவனாகும்போது இந்த வழக்கம் இருக்குமோ என்னவோ, அதனால் சொல்கிறேன். இங்கே மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் சொல்வார்கள். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, நாலைப் பிடித்தால் நாலு. சுற்றி நிற்கும் ஆட்களுக்குத் தெரியாது. உங்கள் சந்தையில் வறுத்த கடலைதான் பணம். முனிராஜு ஏதோ பிடித்தான். நீ கையை உதறிவிட்டு, மறுபடி உள்ளே விட்டு வேறு பிடித்தாய்.

“நாலா? இந்தப் பல்லு போன மாட்டுக்கா? கட்டாது போங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவன் சும்மா இருந்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம். கை துண்டுக்குள் இருக்க, தென்னை மரத்தைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், எங்கோ தூரத்தில் போகிற லாரியைப் பார்த்தான். அவ்வளவு நேரத்தில் நான் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். நீ யோசித்தாய். உன் நெற்றி சுருங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு துண்டு லேசாக அசைந்தது. “மூணு! படிஞ்சிது” என்று அவன் மூன்று கடலையை எண்ணி உன் உள்ளங்கையில் வைத்தான். நீ சத்தம் போட்டுச் சிரித்தாய். என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மாவுக் கையோடு ஓடிப் போனேன். “முனிராஜு, அவனுக்கு எண்ணத் தெரியுமா?”

“தெரியாமயா பத்து நாளா என் கடலையெல்லாம் புடுங்கிட்டு இருக்கறான்?”

“அவனுக்குக் காது கேட்காதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு.”

“காதா?” அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “எங்க செவலைப் பசுவோட கழுத்துமணி தெருமொனையில கேட்டா மொதல்ல ஓடியாறது இவன்தாங்க்கா. எங்க நாய்கூட அப்பறந்தான் வரும்.”

அங்கேயே துவைகல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மெதுவாகத்தான் புரிந்தது. உனக்குக் காது நன்றாகவே கேட்டது. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்பதை நீ கற்றுக்கொண்டிருந்தாய். ஏனென்றால் நம் வீட்டில் திரும்பினால் அங்கே ஒரு கேள்வி காத்திருக்கும்.

மறுநாளே சமையலறைத் துணியை எடுத்துக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்தேன். உன் கையை மூடி, மூன்று விரலைப் பிடித்து, பழக்கதோஷம், “இது எத்தனை? சொல், கண்ணா” என்றேன். கையை உருவிக்கொண்டு போய்விட்டாய். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த முனிராஜுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அக்கோவ், வாங்க வந்தீங்களா, பரிச்ச வெக்க வந்தீங்களா? வெலைய வெச்சிட்டுச் சும்மா இருக்கோணும். மொதல்ல வாயத் தொறக்கறவன் தோத்தான். நீங்க தொறந்த வாய மூடறதே இல்லியே.”

எனக்குக் கோபம் வந்தது. பி.ஏ. படித்த எனக்கு மாடு விற்கிறவன் பாடம் எடுப்பதா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் மறுநாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னால் முடியாதபோது மனசுக்குள் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தை ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். அது முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மந்திரம் பாதியில் இருக்கும்போது, துணிக்கு அடியில் உன் சின்ன விரல்கள் என் விரலைத் தேடி வந்து பிடித்தன. அதுதான் நீ எனக்குச் சொன்ன முதல் பதில். நான் பாதி மந்திரத்திலேயே “ஆமென்” சொல்லிவிட்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆசையில் கண் மறைக்கிறது என்றார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் காகிதம் அவர் பையில் இருந்தது, பிள்ளையின் வருடங்கள் வீணாகிவிடும் என்ற பயம் அவர் மனசில் இருந்தது. புறப்படும் நாளும் வந்தது. பத்து மணி பஸ்ஸுக்குப் பெட்டி வாசலில் இருந்தது. அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒரே ஒரு வார்த்த. ‘அப்பா’ன்னு சொல்லட்டும். பெட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். நீயே கேளு.”

“நான் கேக்க மாட்டேன்.”

“ஏன்?”

“கேட்டுக் கேட்டுத்தான் இங்க வந்து நிக்கறோம்.”

“அப்ப எதை நம்பி நான் நிறுத்தறது? நாளைக்கு இவன் நம்மள மன்னிப்பானா?”

அந்த ஒரு நிமிடத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் முன்னால் மண்டியிட்டு, “சொல்லுடா கண்ணா, அப்பா சொல்லு” என்று கெஞ்ச என் உடம்பு முழுக்கத் துடித்தது. நீ சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் போயிருந்தால், அந்த டம்ளர் மறுபடியும் என் கையில் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் காரியம் எது என்று யாராவது கேட்டால், பட்டம் வாங்கியதைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததைத்தான் சொல்வேன்.

உன் அப்பாவின் தோளில் ஒரு துண்டைப் போட்டேன். “உக்காருங்க. அவன் மாட்டு வெலை பேசுங்க” என்றேன். நீ செருப்பை இழுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் நிறுத்தினாய். வெளுத்த வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். துண்டுக்குள் கையை விட்டார். விடும்போது விளையாட்டுக்குத்தான் விட்டார். இரண்டு தடவை கை மாறியதும் அவர் முகம் மாறியது. “அஞ்சா? டேய், இதுக்கு அஞ்சா? போன வருஷமே வார் அறுந்துபோன செருப்புடா இது” என்றார், தன்னை மறந்து. நீ துண்டிலிருந்து கையை எடுத்தாய். செருப்பைப் புரட்டினாய். முனிராஜு சணல் கயிற்றால் முடிந்து கொடுத்திருந்த புது வாரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, மறுபடியும் துண்டுக்குள் கையை விட்டு, அவருடைய ஐந்து விரலையும் பிடித்துக்கொண்டாய்.

அப்பா அசையவில்லை. பஸ் ஹாரன் கேட்டது. நீ தலையைத் தூக்கி ரோட்டுப் பக்கம் பார்த்தாய். அவரும் உன்னைப் பார்த்தார். “கேக்குதா…” என்றார், உன்னிடமா என்னிடமா தெரியவில்லை. பஸ் போயிற்று. அன்று சாயங்காலம், அந்த இடத்தைத் தேவைப்படும் வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிப் பள்ளிக்குக் கடிதம் எழுதினார்.

வார்த்தை அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், உனக்குக் களி வைத்தேன், ஒரு உருண்டை. நீ தட்டைப் பார்த்தாய். அப்படியே முனிராஜுவின் தொண்டையில், “கட்டாது” என்றாய்.

என் மகனின் முதல் முழு வார்த்தை சந்தை வார்த்தை. உடனே என் நாக்கு நுனிக்கு என்ன வந்தது தெரியுமா? ‘கட்டாது இல்லை, போதாது என்று சொல்ல வேண்டும்.’ கடவுளே, அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. “பின்ன எவ்வளவுக்குக் கட்டும்?” என்று கேட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரெண்டு.”

முனிராஜுவிடம் சொன்னபோது அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. “ரெண்டுக்கா படிஞ்சான்? மூணு கேட்டிருக்கலாம்” என்றான்.

இப்போது உனக்கு ஐந்து வயது. முனிராஜுவிடம் தெலுங்கு, தயிர்க்காரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ், பங்குச் சாமியாரிடம் மட்டும் கோயில் தமிழ். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் சட்டங்களால் வராதது, கொல்லைக் கதவு திறந்ததும் வந்தது. சானமாவுக் காட்டில் யானை வந்த கதையை, முனிராஜு சொன்னதைவிட இரண்டு யானை கூட்டிச் சொல்கிறாய். ஒன்றாம் வகுப்பு டீச்சர், ‘உங்கள் பையன் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்’ என்று புகார் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தச் சீட்டை என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். உன் அப்பா அதைத் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

எல்லாம் என்னால்தான் என்று நீ நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். சில பிள்ளைகள் எப்படி வளர்த்தாலும் தாமதமாகத்தான் பேசும் என்று பிறகு இன்னொரு டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் உன் “தூத்தூ”வை நிறுத்தியது நான்தான். அதை எந்த டாக்டரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது. அதனால் உன் பிள்ளை நாளைக்கு எதையாவது காட்டி என்னவோ ஒரு சத்தம் கொடுத்தால், அதைக் கையில் வாங்கிக்கொள். சரியான சொல்லை நீ உன் பதிலில் சொல்லிக்கொண்டே போ, அது தானாக எடுத்துக்கொள்ளும். உனக்கே பதில் தெரிந்த கேள்வியைக் கேட்காதே. கேட்டுவிட்டால் காத்திரு, நீ நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திரு. பேச்சு வராத பிள்ளையானால் டாக்டரிடமும் போ, பயப்படாதே, கை பேசினாலும் பேச்சுதான். உன் மனைவி என்னைப்போலப் பயந்தவளாக இருந்தால் அவளை அதட்டாதே. பயந்தவர்கள்தான் அதிகமாகப் பேசுவார்கள்.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்றும் நினைக்காதே. போன வாரம்கூட நீ ஏதோ சொல்லும்போது நடுவில் புகுந்து திருத்தினேன். நீ நிறுத்திவிட்டாய். “மன்னிச்சுக்கடா, நீ சொல்லு” என்றேன். நீ பெரிய மனசு பண்ணி, முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

இன்னும் நிறைய எழுதலாம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு நீ வந்துவிட்டாய். பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை, அதற்குள் கொல்லையில் செவலை கன்று போட்ட சேதி எப்படியோ உனக்குத் தெரிந்திருக்கிறது. கன்றின் நெற்றியில் வெள்ளை இருக்கிறதாம், அது எழுந்து நின்று விழுந்ததாம், அப்புறம்… அப்புறம் என்ன என்று உனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தேடுகிறாய். பேனாவை மூடி வைக்கிறேன்.

நீ சொல்லப்போவதைக் கேட்க உட்கார்ந்திருக்கும்,
அம்மா